18 ஆண்டு அடுப்படிக்கு ஒரு தாள் கூடாதா?



"ஒழுங்காகப் படிக்காவிட்டால் ஏதாவதொரு கடை அடுப்படியில்தான் வேகப் போகிறாய்!" இதைச் சொல்லாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவரேனும் உண்டா? நானும் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் அப்படிச் சொன்னபோது, பின்வரிசையிலிருந்த மாணவன் எழுந்து, "ஐயா, எங்க அப்பா அடுப்படியிலதான் வேலை செய்றாரு" என்றான். அவன் குரலில் கோபமில்லை. வருகைப்பதிவுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, சிரித்தவர்களை அடக்கவுமில்லை.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் அந்தத் தந்தை வந்தார். வாழையிலை உணவகம் ஒன்றில் 18 ஆண்டுகளாகச் சமைக்கிறார். விடியுமுன் எழுந்து போகிறவர். நேற்றைய விற்பனையையும் நாளைய விடுமுறையையும் மனத்தில் கூட்டிக் கழித்து, கோழி எத்தனை கிலோ, மீன் எத்தனை கிலோ என்று சந்தைக்குச் சொல்கிறவர். அவருக்குக் கீழே நான்கு பேர். தங்கும்விடுதி ஒன்றின் சமையற்கூடத்தில் வேலைக்கு முயன்றிருக்கிறார். சான்றிதழ் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "வாத்தியாரே, என் கையில தழும்புதான் இருக்கு, தாளு இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மகன் வீட்டில் என்ன சொல்லியிருந்தானோ, தெரியவில்லை. அவர் கேட்கவுமில்லை.

அன்பார்ந்த பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! அந்தத் தாளுக்கு நம் நாட்டில் சட்டபூர்வமான வழி உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மனிதவள அமைச்சைச் சேர்ந்த திறன் மேம்பாட்டுத் துறை எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயின்று பெறுவது ஒரு வழி. தொழிலகத்திலும் வகுப்பிலும் மாறி மாறிப் பயிலும் இரட்டைப் பயிற்சி முறை மற்றொன்று. மூன்றாவது, பி.பி.டி. எனப்படும் முன்னனுபவ அங்கீகாரம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மீண்டும் வகுப்பில் அமர வேண்டியதில்லை. தெரியும் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். முதல் இரண்டு நிலைகள் வேலையைச் செய்பவருக்கு; மூன்றாம் நிலை மேற்பார்வையும் செய்பவருக்கு. மூன்றைக் கடந்தவர் டிப்ளோமா நிலைக்கும் ஏறலாம். நான்கு பேரை வைத்து வேலை வாங்குகிறவர் எந்த நிலைக்குரியவர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதை ஆசிரியர் அறையில் சொன்னேன். "குறுக்கு வழிச் சான்றிதழ்" என்றார் நண்பர் ஒருவர். சினம் வந்தது. 18 ஆண்டுகள் குறுக்கு வழியா? கல்லூரியில் சமையற்கலை பயிலும் பிள்ளை தொழிற்பயிற்சிக்காகச் சில மாதங்கள் சமையற்கூடத்தில் நிற்கிறான். அதைக் கல்வி என்கிறோம். கல்விக்கடன் வாங்கித் தருகிறோம். அதே அடுப்பில் ஆண்டுக்கணக்காக நின்றவர் தாள் கேட்டால் நமக்குக் கசக்கிறது.

நண்பர் வேறொன்றையும் மறந்துவிட்டார். நம் பள்ளிகளைத் தாங்கியவர்கள் யார்? எத்தனை தற்காலிக ஆசிரியர்கள் முதலில் வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் நின்று கற்பித்துவிட்டு, பிறகு பள்ளி விடுமுறைகளில் பயிற்சிக் கழகம் சென்று பட்டயம் பெற்றார்கள்! அவர்களும் பாடம் படித்துத்தான் தேறினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கதவைத் திறந்தது அனுபவம்தானே? அவர்களில் சிலர் எனக்கு மூத்த ஆசிரியர்களாக இருந்து பாடத்திட்டம் எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள். அவர்களைக் குறுக்கு வழியில் வந்தவர்கள் என்று சொல்ல நாவெழுமா?

குறுக்கு வழி என்ற சொல்லுக்கு உரியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். "பணத்தைக் கட்டுங்கள், கோப்பை நாங்களே தயாரித்துக்கொள்கிறோம்" என்று வலைவிரிக்கும் இடைத்தரகர்கள். வேறொருவர் சமைத்ததைப் படமெடுத்து ஒட்டி வாங்கும் தாளால், உண்மையாகவே உழைத்தவரின் தாளுக்கும் மதிப்புப் போகிறது. எவராவது உங்களிடம் இப்படிப் பேசினால் துறையிடமே நேரில் கேளுங்கள்.

சரி, எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? அந்தந்தத் தொழிலுக்கென வகுக்கப்பட்ட தேசியத் தரத்தின் ஒவ்வொரு கூறுக்கும் ஆதாரம் திரட்டிக் கோப்பாக்க வேண்டும். வேலை செய்யும் படங்கள், உணவுப்பட்டியல், செய்முறைக் குறிப்பு, விலைக்கணக்கு, பொருள் வாங்கிய பதிவு, முதலாளியின் கடிதம் ஆகியவை அதில் அடங்கும். மதிப்பீட்டாளர்கள் அதை ஆராய்வார்கள். நேரில் கேட்டும் சோதிப்பார்கள். உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசி அட்டையும் பெரும்பாலான சமையல்காரர்களிடம் இருக்கும். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகள் கேட்பவை அவை. நம் தந்தையின் கோப்பில் முதலில் சேர்ந்தவையும் அவையே.

மற்றவை எங்கே? இங்கேதான் நம் உணவக முதலாளிகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஊழியர் சேமநிதி ஒழுங்காகக் கட்டியிருந்தால், ஒருவர் எங்கே எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதை அந்த அறிக்கையே சொல்லிவிடும். கட்டாமல் விட்ட ஆண்டுகள்? கையில் ரொக்கமாகக் கொடுத்த சம்பளம்? அந்த ஆண்டுகள் அவர் உடம்பில் இருக்கின்றன, எந்தத் தாளிலும் இல்லை. 1991ஆம் ஆண்டின் சேமநிதிச் சட்டம் முதலாளியின் பெருந்தன்மையை நம்பி இயற்றப்பட்டதன்று.

2018 சூனில் அப்போதைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், 2019 சனவரி முதல் உணவகங்கள் உள்நாட்டுச் சமையல்காரர்களையே அமர்த்த வேண்டும் என்றார். எத்தனை கொந்தளிப்பு! உள்நாட்டார் இந்த வேலைக்கு வருவதில்லை என்றார்கள் உணவகத்தார். திட்டம் பின்வாங்கியது. அந்தக் கூச்சலில், ஏற்கெனவே வந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்த உள்நாட்டாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 18 ஆண்டு நின்றாலும் ஏற ஒரு படியில்லாத வேலைக்கு எந்தத் தாய் தன் மகனை அனுப்புவாள்? (ஒப்புக்கொள்கிறேன், தாள் வந்ததும் அதே கடையில் சம்பளம் தானாக உயர்ந்துவிடாது. வேறு கடைக்குப் போகும் துணிவாவது வரும்.)

இப்போது நம் பக்கம் வருகிறேன். அந்தத் தந்தைக்குத் தடையாக இருந்தது சமையலன்று, எழுத்து. தாம் தினமும் செய்வதை மலாயில் முறையாக எழுதிக்காட்ட அவரால் இயலவில்லை. நமக்கோ, ஆசிரியர்களே, கோப்பு தயாரிப்பதைத் தவிர வேறென்ன வேலை? ஆய்வாளர் வருகிறார் என்றால் ஒரே இரவில் பத்துக் கோப்பு செய்கிறவர்கள் நாம். நம் பள்ளிப் பெற்றோரில் எத்தனை பேர் சமையல், பற்றவைப்பு, வாகனம் பழுதுபார்ப்பு என்று தாளில்லாத தொழிலாளர்கள்! பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒரு சனிக்கிழமைக் காலையை இதற்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? மேடையும் பொன்னாடையும் இல்லாத நிகழ்ச்சி என்பதால் யோசிக்கிறோமா?

நாங்கள் மூவர் தொடங்கிவிட்டோம். தந்தை தமிழில் சொல்லச் சொல்ல, நான் மலாயில் எழுதுகிறேன். மகன் கணினியில் தட்டச்சு செய்கிறான். மீன் தலைக்கறிக்குப் புளி எவ்வளவு என்று கேட்டேன். "கை சொல்லும் வாத்தியாரே" என்றார். தராசு வைத்து மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே எடை! மகன் அந்த எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். அடுப்படியில் வேகப் போகிறாய் என்று அவன் வகுப்பில் சொன்னதற்கு அன்றுதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கோப்பில் இன்னும் ஒன்றுதான் குறை, கடையின் கடிதம். "அடுத்த வாரம் தருகிறேன்" என்கிறார் முதலாளி. இது நான்காவது அடுத்த வாரம்.