ரசீது நம் கையில், விகிதம் யார் கையில்?



அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கட்டுகிறோம். கட்டட உரிமையாளர் கட்டும் சொத்து வரி வாடகையோடு சேர்ந்து நம் தலையில்தான் விடிகிறது. போதாக்குறைக்குத் தொழில் உரிமக் கட்டணம், குப்பைக் கட்டணம். இவை சென்னைக்கோ டில்லிக்கோ போவதில்லை. நம் ஊர் உள்ளாட்சிக்கே போகின்றன. ஜி.எஸ்.டி. பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், இந்த ரசீதுகளைக் கல்லாப்பெட்டியில் போடுவதோடு மறந்துவிடுகிறோம்.

1993-ல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களால் உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கொரு தேர்தலும், நிதிப் பங்கைப் பரிந்துரைக்க மாநில நிதி ஆணையமும் வந்தன. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்றும் ஆனது. காகிதத்தில் குறையே இல்லை.

நடந்தது என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. இடையில் தனி அலுவலர்கள் நிர்வாகம். தேர்தல் நடத்தவில்லை என்று மத்திய மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. தொழில் வரி வசூல் மட்டும் ஒரு அரையாண்டுகூட நிற்கவில்லை!

கவுன்சிலர்கள் வந்த கையோடு, அதே ஆண்டு ஏப்ரலில் வணிகக் கட்டடங்களின் சொத்து வரி 100 சதவீதம் உயர்ந்தது. கடைவீதியில் ஏச்சு வாங்கியவர் வார்டு கவுன்சிலர். ஆனால் விகிதத்தை முடிவு செய்தது மாநில அரசு. சொத்து வரியை உயர்த்தினால்தான் நகரங்களுக்கு மானியம் என்ற 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனையை அரசு காரணம் காட்டியது. அந்த மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. அவை தேவையான செலவுகளே. ஆனால் கடைவீதியில் லாரி நின்று சரக்கு இறக்க இடம், சந்தைக்குக் கூரை, விளக்கு ஆகியவற்றுக்கு உள்ளாட்சி தன் சொந்த வருவாயைத்தான் தேட வேண்டும். தொழில் வரிக்கோ ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று 1988-ல் அரசியல் சட்டத்தில் வைத்த உச்சவரம்பு. அது நமக்குச் சௌகரியம்தான், மறுக்கவில்லை.

அப்படியானால் எல்லா அதிகாரமும் ஊருக்கே வந்துவிட்டால் சரியாகிவிடுமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வாரச்சந்தைச் சுங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் உள்ளூர், ஏலமும் உள்ளூர். டில்லிக்கு அதில் பங்கில்லை. ஆயினும் பல ஊர்ச் சந்தைகளில் போர்டில் எழுதிய தொகை ஒன்று, குத்தகைதாரரின் ஆள் வாங்குவது வேறொன்று. கூடையில் கீரை கொண்டுவரும் அம்மாவும் ரசீது இல்லாமல் கொடுக்கிறார். இரண்டு வாரம் இப்படிப் போனால் மூன்றாம் வாரம் அவர் வேறு சந்தை பார்ப்பார். காய்கறி வாங்க வரும் கூட்டமும் அவர் பின்னால் போகும். நம் மளிகைக் கடைகளுக்குச் சந்தை நாள் வியாபாரம் என்பது அந்தக் கூட்டம்தானே?

வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு விடப்பட்டது. எந்த வேலை முதலில் என்று ஊர்க்கூட்டங்களில் விவாதித்தார்கள். கட்சிச் சண்டை அங்கும் உண்டு. ஆனால் பணம் எங்கே போயிற்று என்று கேட்க ஓர் இடம் இருந்தது.

நமக்கும் 2022-ல் பகுதி சபை, வார்டு குழு விதிகள் வந்துவிட்டன. அந்தக் கூட்டங்களில் வணிகர்களைக் காண்பது அரிது. கடையை விட்டு எப்படிப் போவது என்பார்கள். ஒரு வீதிக்கு இருவர் போனால் போதும். "ஏனுங்க, எங்க வீதியில இந்த வருசம் வசூலான தொழில் வரி எவ்வளவு? வீதிக்குச் செலவழிச்சது எவ்வளவு?" என்று கேட்கட்டும். சித்திரைத் தேருக்கு வரும் கூட்டத்துக்குக் கழிப்பறை எத்தனை என்றும், சந்தைக் கட்டண போர்டு எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறதா என்றும் கேட்கட்டும்.

உள்ளாட்சி பட்ஜெட் வைக்கும் முன்பே இதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் கடந்த மூன்றாண்டு வரி ரசீதுகளின் நகலைத் தங்கள் வீதிப் பிரதிநிதியிடம் கொடுத்துவைத்தால், கணக்கோடு போய்க் கேட்கலாம்.