பெயரால் நேர்ந்த பிழை

சென்ற ஆயுத பூசைக்கு மறுநாள், அலுவலகத்தில் சார்த்தியிருந்த மாலையிலிருந்து நாலைந்து செண்டுப்பூக்களை வீட்டிற்குக் கொணர்ந்தேன். ‘மேரிகோல்டு’ இதழ் தோல் வெடிப்பை ஆற்றுமென ஆங்கில நூலொன்றில் படித்திருந்தேன். இளைய மகளுக்கு முழங்கையில் சொறி கண்டிருந்தது. இதழ்களை நசுக்கி எண்ணெயில் குழைத்துத் தடவினேன். இரவெல்லாம் எரிகிறதென்று குழந்தை அழுதாள். காலையில் மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “எந்த மேரிகோல்டு?” என்பதே. சொறி ஆறப் பத்து நாளாயிற்று.

நூல் கூறியது காலெண்டுலா என்னும் செடியை. ஐரோப்பியர் அதன் இதழ்களைச் சமையற் பானையில் இட்டும், வெண்ணெய்க்கு நிறமேற்றியும் வந்தமையால் அதற்குப் ‘பாட் மேரிகோல்டு’ என்று பெயர். நாம் சந்தாபுராவில் முழம்போட்டு வாங்குவதோ மெக்சிகோவிலிருந்து வந்த வேறொரு செடியின் மலர். நம்மூர்த் துலுக்கச் சாமந்தியும், கன்னட அன்பர்களின் ‘செண்டு ஹூவு’ம் இதுவே. போதாக்குறைக்கு, மாலைப்பூவில் பூச்சிமருந்து எவ்வளவு படிந்திருந்ததோ!

இனங்காண்பது கடினமன்று. செண்டின் இலை வேப்பிலைபோல் பிளவுபட்டு, கசக்கினால் நெடி வீசும். விதை கறுத்த ஊசிபோல் நேரானது. காலெண்டுலாவின் இலை பிளவின்றி நீண்டு, தொட்டாற் சற்றே பிசுபிசுக்கும். விதை வெட்டிய நகத்துண்டுபோல் வளைந்திருக்கும். விதைப் பொட்டலம் வாங்குவோர் உறைப்படத்தை நம்பாது பிரித்துப் பார்த்தல் நன்று.

சேலத்து வெயிலில் வாடும் அச்செடிக்குப் பெங்களூர்க் குளிர் மிக உகந்தது. ஐப்பசியில் தொட்டியில் விதைத்தால் தை மாதத்திற்குள் பூக்கும். இதழ்களை நிழலில் சருகாக உலர்த்தித் தேங்காயெண்ணெயில் நான்கு வாரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளலாம். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். வெடித்த கை கால்களுக்குத் தடவலாம். திறந்த புண்ணுக்கு வேண்டா. சாமந்தி ஒவ்வாதவர்க்கு இதுவும் ஒவ்வாதிருக்கலாம். முதலில் மணிக்கட்டில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளலாகாது.

செண்டுப்பூவைப் பழித்தேனென்று எண்ணவேண்டா. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார், 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டு நடுமாறு உழவர்க்குக் கூறியுள்ளனர். காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி செண்டுப்பூவை நாடி முட்டையிடும். தக்காளி பெரும்பாலும் தப்பும். எம் வீட்டு மாடியில் தக்காளித் தொட்டி மூன்றே. அவற்றருகே ஒரு செண்டும், எட்டத்தில் காலெண்டுலாவும் வைத்துள்ளேன். இரண்டிலும் பெயரெழுதிய அட்டையைக் கட்டியவள் என் மகள்.