விடை சரி, வழி எங்கே என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் நண்பர்களே, சென்ற வாரம் நமது வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு விடைத்தாள் படம் வந்தது. 4-ஆம் வகுப்பு. ஒரு கிரேட் தக்காளி 350 ரூபாய், 14 கிரேட் என்ன விலை என்பது கணக்கு. பையன் 4900 என்று மட்டும் எழுதியிருக்கிறான். பக்கத்தில் 41 என்று எழுதி அடித்திருக்கிறான். சிவப்பு மையில் "வழி எங்கே?" 5-க்கு 0. கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். "பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருப்பான்" என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

பார்த்து எழுதுகிறவன் வழியையும் சேர்த்துத்தானய்யா எழுதுவான்! வழி முழுதாக இருந்து விடை தப்பாக வந்தால் சந்தேகப்படுங்கள், நியாயம். இங்கே நடந்தது வேறு. 14-ஐ அவன் கை 41 என்று திருப்பி எழுதியிருக்கிறது. அந்த 41-ஐ வைத்துப் பெருக்கியிருந்தால் 14350 வந்திருக்கும். வரவில்லை. தாளில் எண் புரண்டாலும் தலைக்குள் 14 சரியாகவே இருந்திருக்கிறது. அந்தத் தாளில் திருத்துபவர் படிக்க வேண்டிய இடமே அதுதான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாகலூர் பக்கம் ஒரு பையன், அம்மா பூ வியாபாரம். 63-இல் 28 போனால் எவ்வளவு என்றால் கடன் வாங்கிக் கழிக்கவே மாட்டான். "இருபத்தெட்டுக்கு ரெண்டு போட்டா முப்பது சார். இன்னொரு முப்பது போட்டா அறுபது. அப்புறம் மூணு. மொத்தம் முப்பத்தஞ்சு." சில்லறை கொடுக்கிற கை அது. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் நின்று பாருங்கள், பெரியவர்களும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். 14 கிரேட் என்றால் பத்துக்கு 3500, நாலுக்கு 1400. அவர்களிடம் யாரும் வழி எங்கே என்று கேட்பதில்லை.

டிஸ்லெக்சியா என்றால் மூளை மந்தம் என்று இன்னும் நினைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் வரும் சிரமம் அது. எண்ணின் அளவே மனதில் பிடிபடாமல் போவது டிஸ்கால்குலியா, அது வேறு. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பது கஷ்டம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவது கஷ்டம், நாலு வரிக் கணக்கை வாசிப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். அதே கணக்கை வாயால் சொல்லிப் பாருங்கள். சட்டென்று விடை வரும் பிள்ளைகள் உண்டு.

நம் ஓசூர்ப் பக்கம் இதில் இன்னொரு சிக்கல். தமிழில் 90 தொண்ணூறு, அதற்குள் நூறு ஒளிந்திருக்கிறது. 900 தொள்ளாயிரம், அதற்குள் ஆயிரம். கன்னடம் பேசும் வீட்டில் 90 தொம்பத்து, 900 ஒம்பைநூறு. தெலுங்கு வீட்டில் தொம்பை, தொம்மிதி வந்தலு. சிப்காட் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைக்கு இவை எதுவுமே இல்லை. ஆகவே ஒரு பிள்ளை எண்ணைத் தப்பாக எழுதினால் "வீட்டில் வேற பாஷை, அதான்" என்று நாமே சமாதானம் சொல்லிவிடுகிறோம். அந்தச் சமாதானத்துக்குள் உண்மையான கற்றல் குறைபாடு ஐந்தாறு வருடம் மறைந்து கிடக்கிறது.

"பொதுத்தேர்வில் இவன் வாயால் சொல்வதை யார் சார் கேட்பார்கள்?" என்று கேட்பீர்கள். கேட்பார்கள். 10-ஆம் வகுப்புத் தேர்வில் சான்றிதழ் உள்ள டிஸ்லெக்சியா மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர் உண்டு, கூடுதல் நேரம் உண்டு, ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் உண்டு. 1995 சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை, ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. கூடிய விரைவில் கண்டறிந்து, கற்பிக்கும் முறையைப் பொருத்தமாக மாற்று என்று பள்ளிகளுக்குச் சொல்கிறது. நாமோ 10-ஆம் வகுப்பில் சலுகை தருகிறோம், 4-ஆம் வகுப்பில் சுழியம் போடுகிறோம். நடுவில் ஆறு வருடம் "எனக்குக் கணக்கு வராது" என்று நம்பிய பிள்ளை அந்த எழுதுபவரிடம் என்னத்தைச் சொல்லும்?

சான்றிதழ் வாங்கி வரட்டும், பார்க்கலாம் என்பது அடுத்த பதில். தாய் தகப்பன் இருவரும் கான்ட்ராக்ட் ஷிப்டில். ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை அலைந்தால் மூன்று நாள் சம்பளம் போச்சு. சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும், சரி. ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து "எப்படிடா வந்துச்சு, சொல்லு" என்று கேட்க எந்த டாக்டர் கையெழுத்து வேண்டும்?

வகுப்பில் நாற்பது பேர், நேரமில்லை என்கிற வாதத்தை மட்டும் மதிக்கிறேன். அது உண்மை. ஆனால் நாற்பது பேரையும் கேட்கச் சொல்லவில்லை. விடை சரியாக இருந்து வழி இல்லாத தாள்கள் எத்தனை இருக்கும்? மூன்று, நான்கு. சுழியம் போடும் முன் அவர்களை மட்டும் கூப்பிடுங்கள்.

வழியே எழுத வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. நாளைக்கு இயற்கணிதம் வரும்போது தலைக்குள் மட்டும் வைத்துப் போட முடியாது. அவன் வழியையே எழுதப் பழக்குங்கள். ஒரு கோடு போட்டு 28, 30, 60, 63 என்று குறித்து, மேலே 2, 30, 3 என்று தாவல்களை எழுதச் சொல்லுங்கள். அதுவும் வழிதான். கடன் வாங்கிக் கழிப்பது மட்டும்தான் கழித்தல் என்று யார் சொன்னது?

அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் ஒன்று கேளுங்கள். 4, 5-ஆம் வகுப்புக் கணக்கில் எழுத முடியாத பிள்ளை வாயால் சொல்லும் வழிக்குப் படி மதிப்பெண் கொடுக்கக்கூடாது என்று எந்த அரசாணை சொல்கிறது? நாளும் எண்ணும் போட்டு, அதை அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே பதிவிடச் சொல்லுங்கள்.