படிவம் போடாதவன் சாகட்டுமா?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர், காப்பி ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “போதை மருந்தைத் தின்று சாகிறவனுக்குச் சர்க்கார் செலவில் வைத்தியம் என்ன வேண்டிக் கிடக்கிறது, ஸார்? கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் மெடிக்கெய்ட் கொடுத்தார்கள். சாவு குறைந்ததா? ஏறத்தானே செய்தது!”

நண்பர் படித்தவர், நல்லவர். அதனால்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மெடிக்கெய்ட் என்பது ஏழைகளுக்காக 1965-ல் அந்நாட்டில் ஏற்பட்ட சர்க்கார் இன்ஷூரன்ஸ். 2020 மார்ச்சில் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. நெருக்கடி தீரும்வரை யாரையும் பட்டியலிலிருந்து நீக்காத மாகாணங்களுக்கு மத்திய சர்க்கார் கூடுதல் பணம் தரும் என்றது. சாவு ஏறியதும் உண்மைதான். 2019-ல் போதை மருந்து மிஞ்சி இறந்தவர்கள் சுமார் 70,000 பேர். 2021-ல் ஒரு லட்சத்துக்கும் மேல்.

நண்பரின் தர்க்கத்தை இன்னும் நாலடி நடத்திப் பார்ப்போம். 2023 ஏப்ரலிலிருந்து பெயர்களைக் கழிக்கத் தொடங்கி, 2 கோடிப் பேருக்கு மேல் நீக்கினார்கள். 2024-ல் சாவு சுமார் 80,000 ஆகக் குறைந்தது. அப்படியானால் இன்ஷூரன்ஸைப் பிடுங்கினால் உயிர் பிழைக்கும் என்றா அர்த்தம்? இதைக் கேட்டதும் நண்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொன்றது ஃபென்டனில். சில மில்லிகிராமே ஆளை முடித்துவிடும் சரக்கு அது. ஹெராயினிலும் போலி மாத்திரைகளிலும் கலந்து வந்தது. ஊரடங்கில் தனியறையில் மயங்கி விழுந்தவனுக்கு நலாக்ஸோன் கொடுத்து எழுப்பப் பக்கத்தில் ஆளில்லை. எல்லோருக்கும் கொடுத்தார்கள் என்பதும் தவறு. டெக்ஸாஸ், ஃப்ளோரிடா போன்ற மாகாணங்களில், குழந்தை இல்லாத, ஊனமில்லாத ஏழைக்கு, அவன் எவ்வளவு ஏழையானாலும், மெடிக்கெய்ட் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இன்ஷூரன்ஸ் என்னதான் செய்தது என்று கேட்கலாம். மெதடோன், பூப்ரநார்ஃபின் என்று இரண்டு மருந்துகள் உண்டு. விடாமல் சாப்பிடுகிறவனுக்குச் சாவின் அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது. நிறுத்தினாலோ ஆபத்து. உடம்பு பழக்கம் விட்டுப்போயிருக்கும். பழைய அளவை மறுபடி எடுத்தால் தாங்காது. ஓபியாய்டு போதைக்கு அடிமையான, 65 வயதுக்குட்பட்ட பெரியவர்களில் பலர் மெடிக்கெய்டை நம்பி இருப்பவர்கள். அவர்கள் பெயரை அடித்தால் அடிபடுவது அந்த மருந்துதான்.

எதற்காக அடித்தார்கள் தெரியுமா? நீக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் விஷயத்தில், அவர்கள் தகுதியற்றவர்கள் என்று யாரும் விசாரித்து முடிவு செய்யவில்லை. படிவம் திரும்பி வரவில்லை, விலாசம் மாறிவிட்டது, தவணை தப்பிவிட்டது, அவ்வளவுதான். வீடு வாசல் இழந்தவனுக்குத் தபால் எந்த வாசலில் போய்ச் சேரும்? சர்க்கார் இதைச் சிக்கனம் என்கிறது. எனக்கு இது கொடுமையாகப் படுகிறது.

இத்தோடு முடிந்ததா? இல்லை. 2025-ல் இயற்றிய சட்டப்படி, 2010-ஆம் வருஷச் சட்டத்தால் புதிதாகச் சேர்ந்த பெரியவர்கள் 2027 முதல் மாதம் 80 மணி நேரம் உழைத்ததாகவோ படித்ததாகவோ காட்ட வேண்டும். போதை நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். ஆனால் அவனுக்கு அந்த வியாதி இருப்பது ஆபீஸுக்குத் தெரிந்தாக வேண்டுமே! எழுந்து நிற்க முடியாதவனை, எழுந்து நிற்க முடியவில்லை என்று வரிசையில் நின்று சொல்லச் சொல்கிறார்கள்.

“அவனாகத் தேடிக்கொண்ட வியாதிதானே?” என்றார் நண்பர் கடைசியாக. இருக்கட்டும். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. என்னென்ன தின்றீர் என்று கணக்குக் கேட்ட பிறகா டாக்டர் அவருக்கு இன்ஸுலின் எழுதிக் கொடுத்தார்? எனக்குத் தெரிந்த வைத்திய தர்மம் அந்த ஒன்றுதான். அது அந்தப் பையன்களுக்கும் பொருந்தும்.