மூக்கில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி

உடும்பஞ்சோலை ஏலத் தோட்டத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவரின் கேள்வி: “நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடிகின்றன, கன்னம் காய்ந்து சொரசொரக்கிறது. ஏலக்காய், பட்டை, எலுமிச்சை எல்லாம் இங்கேயே கிடைக்கின்றன. கொதிக்க வைத்து டோனராகப் பூசலாமா?”

வேண்டாம். மணம் வேறு, மருந்து வேறு. பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு பலருக்கு ஒவ்வாமை தருவது. ஏலக்காயின் வாசனை எண்ணெயும் சிலர் தோலில் எரியும். எலுமிச்சையோ இன்னும் மோசம். தோலின் அமிலத்தன்மை பி.எச். 5-ஐ ஒட்டியது, எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் வரலாம்.

உங்களுடையது கலப்புச் சருமம். நெற்றி, மூக்கு, முகவாயில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம், கன்னத்தில் குறைவு. பனிக்காலக் காற்று கன்னத்தை மேலும் காய வைக்கும். சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். 9, 10 வரை போகும். அதுவும் தன் பங்குக்கு உலர்த்தும். சோப்பின் மிச்சத்தைத் துடைக்கத்தான் டோனர் வழக்கத்துக்கு வந்தது. மென்மையான ஃபேஸ் வாஷ் பயன்படுத்துபவருக்கு அது கட்டாயமில்லை. எந்த டோனரும் தோலின் துவாரங்களை மூடிவிடாது. அவற்றுக்குக் கதவு கிடையாது.

ஆசையாக இருந்தால் இரண்டு தயாரியுங்கள். நெற்றிக்கும் மூக்குக்கும் ஆறிய கிரீன் டீ டிகாக்‌ஷன், சர்க்கரை சேர்க்காமல். அதன் துவர்ப்பு எண்ணெய்ப் பிசுக்கைச் சற்றுக் குறைத்துக் காட்டும். கன்னத்துக்கு 100 மில்லி பன்னீரில் அரை டீஸ்பூன் கிளிசரின். பன்னீர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். வெறும் தண்ணீரில் சென்ட் கலந்தது வேண்டாம். கற்றாழை சேர்ப்பதானால், மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு கழுவி, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். அந்தப் பால்தான் அரிப்பைத் தரும்.

முதலில் முழங்கையின் உட்புறம் தடவி இரண்டு நாள் பொறுங்கள். சிவந்தால் முகத்துக்கு ஆகாது. இவற்றில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் அன்றன்றைக்குச் செய்துகொள்வதே நல்லது.

கடைசியாகச் சொன்னாலும் முக்கியமானது இதுதான். ஏலத்துக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிக்கப்படுகிறது. மருந்து தெளித்த செடிகளுக்கிடையே வேலை செய்துவிட்டு, பஞ்சில் டோனரை நனைத்து முகத்தைத் துடைப்பது சுத்தமாகாது. முதலில் கை, பிறகு முகம்: சோப்பும் நிறையத் தண்ணீரும். கன்னம் காய்ந்தால் காயட்டும். பிறகு தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். மருந்து அடித்த இடத்தில் பறித்த பூவோ கற்றாழையோ முகத்துக்கு வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் இயற்கையானதாகிவிடாது.

எரிச்சலும் சிவப்பும் வேலை நாளில் வந்து, விடுமுறையில் தணிகிறதா? அப்படியானால் அது சரும வகையல்ல, ஒவ்வாமையாக இருக்கலாம். அடித்த மருந்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். பன்னீர் அதற்குப் பதில் சொல்லாது.