படிக்காமல் கையொப்பமிடாதீர்கள்

சென்ற மாதம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் இரவு வேலைக்குப் போன தம்பி ஒருவரின் இரண்டு விரல்கள் பெல்ட்டில் அகப்பட்டு நசுங்கின. பெல்ட்டை மூடியிருக்க வேண்டிய கம்பிவலை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பழுதுபார்க்கக் கழற்றியவர்கள், கொழுந்து நிறைய வந்த அவசரத்தில் அதைத் திரும்பப் பூட்டவில்லை. மறுநாள் புத்தகத்தில் ஆங்கிலத்தில் பதிந்திருந்தது, தொழிலாளியின் கவனயீனம் என்று. கட்டுப்போட்ட கையோடு, என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே, தம்பி அதன்கீழ் கையொப்பமிட்டிருக்கிறார்.

அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் நட்டஈடு கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள். உண்மை அதுவல்ல. வேலையின்போது வேலையினால் நேரும் காயத்துக்குத் தொழில்தருநரே பொறுப்பு என்கிறது 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். சாதாரணக் கவனயீனம் அதைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது. குடித்துவிட்டு வேலை செய்தது, வேண்டுமென்றே காப்பைக் கழற்றியது போன்றவை வேறு கதை. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வலையைக் கழற்றியது யார் என்பதை முதல்நாளே எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு அந்தப் பழியும் தொழிலாளியின் தலையில்தான் விழும்.

ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு மறைப்பு இருக்கவேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். விபத்தால் ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் தன் வேலையைச் செய்ய முடியாமற்போனால், தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு நிர்வாகம் அறிவிக்கவும் வேண்டும். அதனால்தான் மூன்றாம் நாளே, "சும்மா வந்து உட்கார்ந்திரு, பெயர் போடுகிறோம்" என்ற அன்பு! பெயர் விழுகிறது. விபத்து மட்டும் எந்தப் பதிவிலும் விழுவதில்லை.

வருடாவருடம் ரோதைமுனிக்குப் பூசை வைக்கிறோம், வைப்போம். வலையைப் பூட்டுவது முனியின் வேலையல்ல.

இனி விபத்து நடந்தால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை கையொப்பம் வேண்டாம். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் அன்றிரவே உட்கார்த்தி எழுதுவியுங்கள்: எத்தனை மணி, எந்த இயந்திரம், மறைப்பு இருந்ததா, பக்கத்தில் யார் நின்றார்கள். போனில் ஒரு படம் எடுங்கள். ஒரு பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். ஆஸ்பத்திரியில், யார் சொல்லிக் கொடுத்தாலும், "லயத்தில் விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். துண்டில் ஏறினால் அதை மாற்றுவது பெரும்பாடு.

அந்தத் தம்பிக்காக நட்டஈட்டு விண்ணப்பம் தயாராகிறது. அன்றிரவு கூட நின்ற இருவரில் ஒருவர் சாட்சி சொல்ல வந்துவிட்டார். மற்றவருக்காகக் காத்திருக்கிறோம்.