யார் பணத்துக்கு யார் துப்பாக்கி?

சித்தூர் வெல்ல மண்டியிலும், மாங்காய்ப் பருவத்தில் தாமல்செருவு மண்டிகளிலும் கணக்கு எழுதும் தமிழ்க் குமாஸ்தாக்களிடையே அவ்வப்போது ஒரு பேச்சு எழுவது உண்டு. வசூல் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு இரவு பஸ்ஸில் வரவேண்டியிருக்கிறதே, இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் எவ்வளவு தைரியமாக இருக்கும் என்பதே அந்தப் பேச்சு. முதலாளிமாரில் சிலரும் இதற்குத் தலையசைக்கக்கூடும். "லைசென்ஸ் போட்டு ஒன்று வாங்கிக்கொள்ளப்பா, பாதிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு முதலாளி சொல்லிவிட்டால் போதும். பேச்சு நேராக ரிவால்வரா, பிஸ்டலா, எந்த ரகம் உசத்தி என்பதற்குப் போய்விடும். யாருடைய பணத்தைக் காப்பாற்ற யாருடைய பெயரில் அந்தத் துப்பாக்கி என்று கேட்பார் இல்லை.

ரகத்தைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடலாம். சினிமாவில் கதாநாயகன் எடுக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை இந்நாட்டில் சாதாரணக் குடிமகன் வாங்கவே முடியாது. 9 எம்.எம்., .38 போன்றவை தடை செய்யப்பட்ட அளவுகள். போலீசுக்கும் ராணுவத்துக்கும் உரியவை. குடிமகனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32, அல்லது .22. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்காக இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன் வந்தவை கை மாறிக் கை மாறி, பழசானாலும் யானை விலைக்குப் போகின்றன. மிஞ்சுவது உள்நாட்டுத் தயாரிப்பு. கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் ஆறு தோட்டா கொள்ளும். அதே தொழிற்சாலை 2014-ல் பெண்களின் பாதுகாப்புக்கென்று சொல்லி 'நிர்பீக்' என்ற இலேசான ரிவால்வரை வெளியிட்டது. அரைக் கிலோ எடை. அன்றைய விலை ஏறத்தாழ 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். எந்தப் பெண்ணின் பாதுகாப்பை நினைத்து அந்த விலையை வைத்தார்கள் என்பது கான்பூருக்கே வெளிச்சம்! மண்டிக் குமாஸ்தாவின் ஓராண்டுச் சம்பளம் அன்று அந்தத் தொகையைத் தொட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் உள்ள வேறுபாடு உண்மையில் முக்கியமானதுதான், ஆனால் கடைத்தெருவில் பேசப்படும் காரணத்துக்காக அல்ல. ரிவால்வரில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதை உருளையைத் திறந்தால் கண்ணால் பார்த்துவிடலாம். பிஸ்டலில் தோட்டாக் கூட்டை உருவி எடுத்த பிறகும் குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். புதிதாகப் பிடிப்பவர், கூட்டை எடுத்துவிட்டோமே, காலிதான் என்று நினைத்து விசையை அழுத்திப் பார்க்கிறார். வீட்டுக்குள் நேரும் விபத்துகளில் இது பழைய கதை. ஒண்டுக் குடித்தனத்தில், ஒரே அறையில் பெண்டு பிள்ளைகளோடு வசிக்கும் ஒருவர் இரும்புப் பெட்டிக்கு எங்கே போவார்? தலையணைக்கு அடியிலும், அரிசிப் பானைக்குப் பின்னாலும் வைக்கிற பொருளா இது?

இனி லைசென்ஸ். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும்தான் இதற்கு ஆதாரம். மனுவைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், திருப்பதியில் குடியிருப்பவர் சித்தூருக்கு நடந்து பயன் இல்லை. போலீஸ் விசாரித்து அறிக்கை தரும். உயிருக்கு என்ன ஆபத்து என்று கேட்பார்கள். "முதலாளியின் பணத்தை எடுத்துப் போகிறேன்" என்பது பதிலானால், அப்படியானால் முதலாளி ஏன் மனுச் செய்யவில்லை என்ற கேள்வி அதிகாரிக்கு எழுவது நியாயமே. துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்றும் காட்ட வேண்டும். லைசென்ஸ் கிடைத்தபின் வாங்கும் தோட்டாவுக்கும் கணக்கு. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவது வழக்கம். மாம்பழக் காலமும் தேர்தல் காலமும் ஒன்றாக வரும் ஆண்டில், பணம் அதிகம் புழங்கும் சமயத்தில், அது ஸ்டேஷன் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

தமிழர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு லைசென்ஸிலும் அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லத்தக்க லைசென்ஸை வேலூரில் வாங்கி வைத்திருப்பவர், அதே துப்பாக்கியோடு காட்பாடி தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்த நிமிஷமே லைசென்ஸ் இல்லாதவர் ஆகிறார். சித்தூரில் வாங்கியவர் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதும் அதே கதை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குத் தண்டனை 2019-ல் கடுமையாக்கப்பட்டுவிட்டது. குறைந்தபட்சமே இரண்டாண்டுச் சிறை. தடை செய்யப்பட்ட ரகமானால் ஏழாண்டுக்குக் குறையாது. வடக்கிலிருந்து திருட்டுத்தனமாக வரும் நாட்டுத் துப்பாக்கியை மலிவென்று வாங்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருமலைக்கோ எந்தத் துப்பாக்கியையும் கொண்டு போக முடியாது. அலிபிரிச் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவையும் தாண்டித் துப்பாக்கி இடுப்பில் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது என்ன காப்பாற்றும்?

இந்த மாவட்டத்தார் கண்முன்னே நடந்தது ஒன்று. 2015 நவம்பர் 17-ஆம் தேதி சித்தூர் மாநகராட்சி மேயர் கட்டாரி அனுராதா, மாநகராட்சி அலுவலகத்தில், தமது அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கணவர் மோகன் வெட்டுப்பட்டு, வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். வந்தவர்களில் சிலர் பர்தா அணிந்திருந்தார்கள். குறை சொல்ல வரும் பெண்களை மேயர் அலுவலகத்தில் யார் தடுப்பார்கள்? முக்கியக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர் நெருங்கிய உறவினர். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து 2025 அக்டோபரில் சித்தூர் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. மேயரின் மேசையில் ஒரு ரிவால்வர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. வந்திருப்பவன் யார் என்று தெரிவதற்குள் காரியம் முடிந்துவிட்ட இடத்தில் ரிவால்வர் மேசையிலேயே கிடந்திருக்கும், அவ்வளவுதான். 2005 ஜனவரி 24-ல் அனந்தபூரில் பரிட்டால ரவி சுட்டுக் கொல்லப்பட்டபோது துப்பாக்கி ஏந்திய காவலர்கள் உடன் இருந்தார்கள். தாக்க வருகிறவன் நேரத்தையும் இடத்தையும் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகிறான். தற்காத்துக்கொள்கிறவனுக்கு அந்த வசதி இல்லை.

பெரிய மனிதர்களுக்கே இப்படி என்றால், பஸ்ஸில் தூங்கிவிழும் குமாஸ்தாவின் நிலை என்ன? சட்டைக்குள் மறைத்த துப்பாக்கியை வெளியே எடுக்க, சட்டையை விலக்கி, உறையிலிருந்து உருவி, குறி பார்த்து, கனமான விசையை இழுக்க வேண்டும். மாதம் தவறாமல் பயிற்சி செய்பவனுக்கே இது கைவந்த கலையல்ல. பையைப் பறிப்பவனோ அதற்குள் மோட்டார் சைக்கிளில் தெருமுனையைத் தாண்டியிருப்பான். ஓடுகிறவனைப் பின்னாலிருந்து சுடலாமா? கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவானாலும் சரி, அதற்கு முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டமானாலும் சரி, தற்காப்புரிமைக்கு வகுத்த வரம்பு ஒன்றே. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இல்லாத வெறும் திருட்டுக்காக ஒருவனைக் கொல்லக்கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் நாடத்தான் வேண்டும். பையோடு ஓடுகிறவன் முதுகில் தோட்டா பாய்ந்தால், கொலை வழக்கில் கூண்டில் நிற்பவர் குமாஸ்தா. குறி தவறி பஜார் தெருவில் பூ விற்கும் கிழவி மீது பட்டாலும் நிற்பவர் அவரே. முதலாளிக்குப் பணம் போனதற்கு இன்சூரன்ஸ் இருக்கலாம். குமாஸ்தாவின் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது?

துப்பாக்கி எதிரிக்கென்று வாங்கப்படுகிறது; பல சமயம் சிநேகிதர்களுக்கிடையே வெடிக்கிறது. 1967 ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் நடந்ததைத் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ படங்களில் சேர்ந்து நடித்த எம்.ஆர்.ராதா, எம்.ஜி.ஆர். வீட்டுக்குப் பேச வந்த இடத்தில் துப்பாக்கி வெடித்தது. இருவர் உடலிலும் குண்டு பாய்ந்தது. இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம். ஒருவர் சிறை சென்றார். மற்றவரின் குரல் கடைசிவரை பழையபடி ஆகவில்லை. வாக்குவாதம் முற்றும்போது கையில் இரும்பு இல்லாதிருந்தால், அன்று அது வெறும் வாக்குவாதமாகவே முடிந்திருக்கும். பங்காளித் தகராறும், சீட்டுப் பணத் தகராறும், குடித்துவிட்டு வரும் மைத்துனனும் இல்லாத குடும்பம் ஏது?

இந்த இரு மாவட்டங்களிலும் தமிழனுக்கு மட்டும் உரிய சங்கடம் வேறு இருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில், சந்திரகிரிக்கு அருகே, செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட 20 பேரை ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. அனைவரும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தங்களைத் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகப் போலீஸ் கூறியது. சிலர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டு போகப்பட்டவர்கள் என்று உயிர் தப்பியவர்கள் கூறினார்கள். மனித உரிமைக் கமிஷன் வரை விவகாரம் போயிற்று. எது உண்மை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாலை வேளையில் திருப்பதி பக்கம் பஸ்ஸில் வரும், தெலுங்கு சரியாகப் பேச வராத, தமிழ்நாட்டு முகவரி கொண்ட ஒரு கூலியாளை எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்பதை அந்தச் சம்பவத்துக்குப் பின் இங்குள்ளவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அப்படிப்பட்டவர் இடுப்பில் துப்பாக்கி இருந்து, லைசென்ஸ் காகிதம் வீட்டில் இருந்தால்? காகிதத்தைக் கொண்டு வந்து காட்டும்வரை பொறுத்திருப்பார்கள் என்பது என்ன நிச்சயம்?

துப்பாக்கி மேல் உண்மையான ஆசை உள்ள இளைஞர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஜாத்திரையில் பலூன் சுடும் கடையில் பத்துக்கு எட்டு உடைத்தவன் வீடு திரும்பும்போது அவன் நடையே வேறு மாதிரி இருக்கும். அந்த ஆசைக்கு உகந்தது காற்றுப் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை போடும், 20 ஜூலுக்கு மேற்படாத வேகத்திறன் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் தூரத்தில் 11.5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் ரவையைச் செலுத்தினால் பத்துப் புள்ளி. சட்டைப் பித்தானைவிடச் சிறிதே பெரிய வட்டம் அது! ஒன்றேகால் மணி நேரத்தில் 60 முறை சுட வேண்டும். பிஸ்டல் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படக்கூடாது. விசையின் இழுப்பு 500 கிராமுக்குக் குறையக்கூடாது. வாங்குகிறவர் விலையைவிடப் பிடியைக் கவனிக்க வேண்டும். உள்ளங்கையில் இடைவெளியின்றிப் பொருந்தி, கண்ணை மூடிக் கையை நீட்டித் திறந்தால் குறி நேராக நிற்க வேண்டும். இரவல் துப்பாக்கியில் நாலு மாதம் பழகிவிட்டு வாங்குவது உத்தமம்.

இந்த விளையாட்டில்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றார். ஒன்று தனியாக, மற்றொன்று சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து. கடலூரில் பிறந்து, குடும்பத்தோடு குஜராத்துக்குப் போய் அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றவர். அவருடையது பிஸ்டல் அல்ல, காற்று ரைபிள். ஆயினும் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பத்துப் பெண் அயல் மாநிலத்தில் துப்பாக்கி ஏந்திப் பெயர் வாங்கினார் என்பதை இங்குள்ள பெற்றோர்கள் அறிந்துகொள்ளலாம்.

மண்டிப் பணத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பெரிய தொகையை வங்கி மூலம் அனுப்பலாம். ரொக்கமாகவே போக வேண்டுமானால் இரண்டு பேரைப் பகல் நேரத்தில், வாடகைக் காரில் அனுப்பலாம். போகும் வழியில் உள்ள பணத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டு. துப்பாக்கி இல்லாமல் ஆகாது என்று முதலாளி கருதினால், லைசென்ஸைத் தம் பெயரில் வாங்கிக்கொண்டு, பயிற்சி பெற்ற முன்னாள் ராணுவத்தினர் ஒருவரைக் காவலுக்கு அமர்த்தி, அவர் பெயரை அந்த லைசென்ஸில் முறைப்படி சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லும் முதலாளியிடம் குமாஸ்தா இந்த யோசனையைச் சொல்லிப் பார்க்கலாம். முழுச் செலவும் தம்முடையது, வழக்கு வந்தால் அதுவும் தம்முடையது என்று தெரிந்தவுடன், இரவு பஸ்ஸில் வசூலுக்கு ஆள் அனுப்பும் பழக்கமே அந்த மண்டியில் நின்றுவிடக்கூடும்.